ஜவ்வரிசியை வைத்து எம்.பி.ஏ. முடித்த கதை

எம்.பி.ஏ.வில் இன்டர்நேஷனல் பிசினஸ் எடுத்திருக்கிறேன் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "படிச்சிட்டு எந்த நாட்டுக்குப் போற?" படிப்பு முடிகிற நேரத்தில் நான் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்த இடம் சேலம் செவ்வாய்பேட்டை. வீட்டிலிருந்து இரண்டு பஸ்.

முதலில் வேறு திட்டம்தான் இருந்தது. ஐந்து ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சி, சிங்கப்பூரில் சீட் உறுதி என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்கியது. இரண்டு மாதம் "இன்னைக்கு மெயில் வந்துரும்மா" என்றார்கள். மெயிலும் வரவில்லை, பணமும் வரவில்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா அவருக்கும் சேர்த்துத் திட்டினார். அப்புறம் எம்.பி.ஏ. நுழைவுத்தேர்வான டான்செட் எழுதினேன், கவுன்சிலிங்கில் பக்கத்திலேயே கல்லூரி கிடைத்தது.

முதல் வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அக்கவுன்ட்ஸ், மார்க்கெட்டிங், எல்லா எம்.பி.ஏ.வுக்கும் உள்ளதுதான். இரண்டாம் வருடம் விருப்பப் பாடமாக ஆசிய வணிகம் எடுத்தேன். எடுத்த காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, தோழி எடுத்தாள்.

அந்தப் பாடத்தில் ஒரு நாள் விவாதம் வைத்தார்கள். 2019 நவம்பரில் பாங்காக்கில் இந்தியா, ஆசிய-பசிபிக் நாடுகளின் வரிக்குறைப்பு வணிக ஒப்பந்தமான ஆர்.செப்பில் சேரமாட்டேன் என்று சொல்லிவிட்டது. அடுத்த நவம்பரில் மற்ற 15 நாடுகள் கையெழுத்துப் போட்டன. சேர்ந்திருக்க வேண்டும் என்று பேசுவது என் பக்கம். அப்பாவிடம் கேட்டேன். அவர் ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ மில்லில், அதாவது ஜவ்வரிசி ஆலையில், எடைமேடைக் கணக்கர். லாரியில் வரும் குச்சிக்கிழங்கில், அதாவது மரவள்ளியில், சாம்பிள் எடுத்து, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் நிற்கிறது என்று பார்த்துத்தான் விவசாயிக்கு விலை போடுவார்கள். ஒரு பாயிண்ட் குறைந்தாலே எடைமேடையில் சண்டைதான்.

"வரியில்லாம தாய்லாந்து மாவு வந்து இறங்குனா, நம்ம மில்லு என்ன கண்ணு ஆகும்?"

இதை வகுப்பில் சொன்னால் என் கட்சியே தோற்றுவிடும். சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு தேடிப் பார்த்ததில், தாய்லாந்து உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்பான ஆசியான் நாடுகளோடு நமக்கு ஏற்கெனவே ஓர் ஒப்பந்தம் 2010 ஜனவரியிலிருந்து நடப்பில் இருப்பது தெரிந்தது. எல்லாப் பொருளுக்கும் வரி ஒரே மாதிரி குறைவதில்லை. சிலது வேகமாக, சிலது மெதுவாக, சிலது பட்டியலுக்கே வெளியே. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை அதன் சுங்க எண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்று குதித்தேன்: ஆசியச் சந்தையில் சேலம் ஜவ்வரிசி.

அங்கேதான் சறுக்கினேன். ஏற்றுமதிப் புள்ளிவிவரத் தளத்தில் 'சேகோ' என்று அடித்தேன், 1106.20 என்று ஓர் எண் வந்தது. ஆறு வாரம் உட்கார்ந்து பத்து வருடக் கணக்கை எக்செல்லில் ஏற்றினேன். கைடு மேடம் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்கப்பா மில்லுல பண்றது மாவா, மணியா?"

"மணிதான் மேடம்."

"அப்ப இது உன் கணக்கு இல்லம்மா."

1106-ல் வருவது மாவு வகை. சேகோ என்ற சொல்லே 'சாகு' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. அங்கே அது ஒரு பனை வகை மரம். அதன் தண்டுச் சோற்றிலிருந்து எடுப்பதுதான் அசல் சாகு. இரண்டாம் உலகப்போரில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோன 1940-களில்தான், சேலத்தில் மரவள்ளியை அரைத்து மணியாக உருட்ட ஆரம்பித்தார்கள். பெயர் மட்டும் பழசு. 1981-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தின் பெயரும் சேகோசர்வ். ஆனால் உலகச் சுங்கப் பட்டியலுக்கு நம் ஜவ்வரிசி டாபியோக்கா; எண் 1903. மரவள்ளி ஸ்டார்ச் என்றால் 1108.14. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், அதன் பிறகு வருவது அந்தந்த நாட்டு விருப்பம். ஆறு வார எக்செல் கோப்பை இன்னும் அழிக்கவில்லை.

சரியான எண்ணில் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. நம் ஜவ்வரிசிக்குப் பெரிய சந்தை வெளிநாடே இல்லை. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாளில் அரிசி, கோதுமை தொடமாட்டார்கள், ஜவ்வரிசிக் கிச்சடிதான். நவராத்திரி தள்ளிப்போனால் ஆத்தூரில் விலை அசையும். என் தலைப்பே ஆட்டம் கண்டது. மேடம் மாற்ற விடவில்லை, "அதையும் எழுது" என்றார்.

பயிற்சிக்குச் செவ்வாய்பேட்டையில் ஓர் ஏற்றுமதி வியாபாரியின் மாடி அலுவலகம். வகுப்பில், வங்கிகள் எல்.சி.க்குப் பின்பற்றும் சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-ல் 39 பிரிவு உண்டு என்று மனப்பாடம் செய்திருந்தேன், ஒன்றுகூடப் புரிந்ததில்லை. அங்கே மூன்றாவது வாரமே புரிந்தது. மலேசியாவுக்கு ஒரு கன்டெய்னர். தாள்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்தான் எல்.சி. அதில் 'டாபியோக்கா பேர்ல்ஸ்' என்று இருந்தது. நான் வீட்டுப் பழக்கத்தில் இன்வாய்ஸில் 'சேகோ' என்று அடித்துவிட்டேன். வங்கி திருப்பி அனுப்பியது. இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும் என்பது 18-ஆம் பிரிவு. வங்கிக்குப் பொருளைப் பற்றிக் கவலையில்லை, தாள்தான் முக்கியம். எல்.சி.யில் வேறு கெடு சொல்லாவிட்டால் கப்பலேறி 21 நாளுக்குள் தாள்கள் வங்கிக்குப் போயாக வேண்டும். எங்களுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. முதலாளி கத்தவில்லை. "எத்தன தடவ சொல்றது, சேகோங்கிறது நமக்குத்தான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு முன் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

நடுவில் ஜப்பானிய மொழியின் அடிப்படை நிலையான என்5 தேர்வும் எழுதினேன். ஏற்காடு எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, சென்னையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். மொத்தம் 180-க்கு 80 வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வேண்டும். இரண்டையும் தாண்டிவிட்டேன். கதகானா எழுத்தில் நான் முதலில் தடுமாறாமல் வாசித்த சொல் 'தாபியோகா'. ஜப்பானில் மரவள்ளி மணி போட்ட பபிள் டீக்கே அதுதான் பெயராம். அந்த வெறியில் மற்ற மொழிகளையும் தேடினேன். மலாயில் 'உபி காயு', சீனத்தில் 'மூஷூ'. இரண்டுக்கும் பொருள் மரக்கிழங்கு. நாம் மரவள்ளி என்கிறோம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடிக்கு மூன்று ஊர்க்காரர்களும் கிட்டத்தட்ட ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். இதை ப்ராஜெக்ட்டில் சேர்த்தேன், மேடம் அடித்துவிட்டார். இங்கே யாரும் அடிக்கமாட்டார்கள்.

வைவா அன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஆசியான் வரி, எல்.சி. எல்லாம் கேட்டார். சமாளித்தேன். கடைசியாக, "ஜவ்வரிசி மூட்டை எத்தனை கிலோ?" என்றார்.

"90 சார்."

"ஏன் 90? நூறாவோ அம்பதாவோ போடலாமே?"

தெரியவில்லை என்றேன். சிரித்துக்கொண்டே போகச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். இருபது வருடமாக மூட்டைக் கணக்கு எழுதுகிறவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எனக்கு எங்க கண்ணு தெரியும், நான் சேர்ந்தப்பவே 90தான்."