நீலாவணனின் ஊரில்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை பஸ்ஸில் ஏறி, கல்லடிப் பாலத்தைக் கடந்தால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி. நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊரை ஊர் தொட்டபடி வரும். பெரியகல்லாறு தாண்டியதும் அம்பாறை மாவட்டம். முதல் ஊர் பெரியநீலாவணை. நான் இறங்க வேண்டிய இடம்.

சின்னத்துரை என்ற பள்ளி ஆசிரியர், தன் ஊரின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டு நீலாவணன் ஆனார். 1931இல் இங்கே பிறந்தவர். மஹாகவி என்ற பெயரில் எழுதிய து. உருத்திரமூர்த்தி, முருகையன் ஆகிய ஈழத்துக் கவிஞர் இருவரோடும் சேர்த்து, நவீன ஈழத்துக் கவிதைக்கு அடித்தளம் இட்ட மூவரில் ஒருவர் என்று சொல்வார்கள். 1975 ஜனவரி 11ஆம் திகதி மறைந்தார். வயது 43. 'வழி' தொகுதி 1976இல் வந்தது, 'வேளாண்மை' காவியம் 1982இல், 'ஒத்திகை' 2001இல். எல்லாம் அவர் போன பிறகு. இத்தனை எழுதிய மனிதர் தன் கவிதைத் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்காமலே போய்விட்டார் என்பது எனக்கு ஆறாத கவலை.

தொகுதி இல்லாமலே அவரை ஊர் அறிந்திருந்தது. பத்திரிகைகளில் எழுதினார், கவியரங்குகளில் பாடினார், பா நாடகம் எழுதினார், 'பாடும்மீன்' என்று ஒரு சஞ்சிகையும் நடத்தினார். பக்கத்துக் கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் போன்ற இளையவர்கள் கவிதைக்குள் வந்த காலத்தில் அவர்களுக்கு அண்ணன் போல் நின்றவர். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இந்தக் கரையில் கவிதை அப்படித்தான் வேலி தாண்டியிருக்கிறது.

பிரதான வீதியோரத் தேநீர்க்கடையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை விசாரித்தார்.

"எங்க மனே போறிங்க?"

நீலாவணனின் ஊரைப் பார்க்க வந்தேன், ஐயா என்றேன்.

"ஆ, மாஸ்டர்ர ஊர்தான் இது. வண்டிக்காரன் பாட்டுத் தெரியுமா மனே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மேசையில் விரலால் தாளம் போட்டு 'ஓ வண்டிக்காரா'வைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

பொழுது சாயுமுன் புதிய நகரம் போய்ச் சேர வேண்டும், ஓட்டு என்று வண்டிக்காரனை அவசரப்படுத்தும் பாட்டு அது. நானும் எத்தனையோ முறை வாசித்ததுதான். அந்தப் பெரியவரின் வாயில் கேட்டபோதுதான் மாட்டின் நடைக்குச் சரியாக அடிகள் விழுவது பிடிபட்டது. ஒரு சொல்லும் அலங்காரத்துக்காக அதில் உட்காரவில்லை. பயணம் போகிற போக்கில் வாழ்க்கையாக மாறுகிறது; அதைச் சொல்லிக் காட்டாமலே செய்துவிடுகிறார். எங்கள் மொழியில் இசைப்பா எழுத முனைகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த எளிமையைத்தான் என்பேன்.

பிறகு கல்முனைக்குப் போய், கிட்டங்கிப் பக்கம் திரும்பினேன். பெரும்போகப் பயிர் நிற்கும் காலம். மாரி கடுமையானால் கிட்டங்கித் தாம்போதியில், நீர் மேலால் ஓடும் அந்தத் தாழ்ந்த பாதையில், வெள்ளம் ஏறிப் போக்குவரத்தே நின்றுவிடும். அன்று நீர் வற்றியிருந்தது. அப்பால் நாவிதன்வெளி வரைக்கும் வயல். ஒரு வட்டையில், அதாவது வயற்பரப்பில், பயிர் கதிரை உள்ளே பொத்தியபடி குடலையில் நின்றது, அடுத்ததில் கதிர் எட்டிப் பார்த்தது. 'வேளாண்மை' இந்த மண்ணின் காவியம். இங்குள்ள உழவர் குடும்பங்களின் வாழ்வை, அவர்களின் பேச்சு வழக்குக் கலந்த செய்யுளில் சொல்கிறது. செய்யுள் என்றாலே பண்டிதத் தமிழ் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், நிலச் சொந்தக்காரரான போடியாரும் அவரின் வயலில் வேலை செய்யும் வயற்காரனும் பேசும் தமிழை யாப்புக்குள் கூசாமல் கொண்டுவந்தார். அதற்குக் காதும் வேண்டும், துணிச்சலும் வேண்டும்.

இப்போது அறுவடைக்கு மெஷின் வந்துவிட்டது. வெட்டிய கதிரைக் குவித்துச் சூடு வைப்பதையும் மாடு விட்டு மிதிப்பதையும் இன்றைய பிள்ளைகள் பார்த்ததில்லை. 'வேளாண்மை'யை இந்தப் பகுதிப் பாடசாலைகளில் வாய்விட்டு வாசிக்க வைக்க வேண்டும், மூத்த கமக்காரர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி. புரியாத சொல் வந்தால் பிள்ளைகள் அவரிடமே கேட்கட்டும்.