சான்டா மோனிகா நகராட்சியின் விமான நிலையம்

லாஸ் ஏஞ்சலீஸின் பெரிய பன்னாட்டு விமான நிலையத்திற்குச் சில மைல் வடக்கே, சான்டா மோனிகா நகராட்சிக்குச் சொந்தமான சிறிய விமான நிலையம் ஒன்று இருக்கிறது. பயிற்சிப் பள்ளிகளின் செஸ்னா வகைச் சிறு விமானங்களும் தனியாருடைய சிறு விமானங்களும்தான் அங்கே பெரும்பாலும் வந்துபோகின்றன.

நிர்வாகக் கட்டடத்தின் மேலே பொதுமக்களுக்கென்று ஒரு பார்வை மாடம் உண்டு. நான் நின்றிருந்தபோது, கீழே ஒரு பயிற்சி மாணவி விமானத்தைத் தரையோடு பிணைத்திருந்த சங்கிலிகளை அவிழ்த்துவிட்டு, இறக்கையின் அடியில் சிறு குப்பியை அழுத்திக் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து, வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். டாங்கியில் தண்ணீர் கலந்திருந்தால் அது குப்பியின் அடியில் தனியாகத் தங்கிவிடும் என்பதால், பறப்பதற்கு முன் தவறாமல் செய்யப்படும் சோதனை இது. பிறகு எண்ணெய் அளவு, சக்கரம், முன்விசிறியின் விளிம்பு என ஒவ்வொன்றையும் அவர் தொட்டுப் பார்த்த நிதானத்தை, பெரிய விமான நிலையங்களில் நம்மைப் போன்ற பயணிகள் காண வாய்ப்பே இல்லை.

குளோவர் ஃபீல்ட் என்று முன்பு அழைக்கப்பட்ட இந்த இடத்தில்தான் விமானங்களைத் தயாரித்த டக்ளஸ் நிறுவனம் வளர்ந்தது. விமானத்தில் முதன்முதலாக உலகைச் சுற்றிய அமெரிக்க ராணுவக் குழு, 1924 மார்ச்சில் இங்கிருந்தே சியாட்டிலுக்குக் கிளம்பியது; அங்கிருந்து புறப்பட்ட நான்கு விமானங்களில் இரண்டு செப்டம்பரில் சுற்றை முடித்தன. அந்நிறுவனத்தின் டிசி-3 வகையின் முதல் விமானம் 1935 டிசம்பர் 17 அன்று மேலெழுந்ததும் இங்கேதான். நம் பெரியவர்கள் டகோட்டா என்று சொல்வது இந்த வகையைத்தான். 1947 டிசம்பரில் இலங்கையின் விமான நிறுவனமான ஏர் சிலோன் தன் முதல் சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியதும் இதைக் கொண்டே. நிலையத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தின் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கும் டிசி-3இன் அருகே நான் நெடுநேரம் நின்றேன்.

ஓடுபாதைக்கு மிக அருகிலேயே குடியிருப்புகள் இருப்பதால், இரைச்சலையும் எரிபொருள் புகையில் கலந்த ஈயத்தையும் பற்றி அங்குள்ளவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வந்தார்கள். நகராட்சிக்கும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்திற்கும் 2017இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஏறத்தாழ 5,000 அடி நீளமிருந்த ஓடுபாதை அவ்வாண்டே 3,500 அடியாகக் குறைக்கப்பட்டது. 2028 டிசம்பர் 31க்குப் பிறகு நிலையத்தையே மூடிவிடவும் நகராட்சிக்கு உரிமை கிடைத்தது. குழந்தைகள் வாழும் தெருவில் ஈயப்புகை கூடாது என்பதை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனாலும், ஈயமற்ற எரிபொருளும் கடுமையான நேரக் கட்டுப்பாடும் இருந்தால் பயிற்சி விமானங்களையாவது இங்கே தொடர விடலாம் என்றே எண்ணுகிறேன். அந்தப் பக்கம் செல்பவர்கள் 2028க்குள் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கி, மாடத்தையும் அருங்காட்சியகத்தையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள்.