தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளைக் கறை: மாத்தளையிலிருந்து சில குறிப்புகள்

மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது என்பது பொதுவான நம்பிக்கை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கங்களில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. அங்குள்ள பாறைகள் எளிதில் கரைவதில்லை. ஓடையிலிருந்து பீலிக்கு வரும் தண்ணீரில் சவர்க்காரம் கொஞ்சம் பட்டாலே நுரை பொங்கும். ஆனால் மாத்தளையிலும் திகனையிலும் பதுளை மாவட்டத்தின் சில இடங்களிலும் அதே பாறைகளுக்கிடையே சுண்ணாம்புக்கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. தேயிலை மலைகளில் மண்ணின் புளிப்பைக் குறைப்பதற்காகத் தூவும் டொலமைட் தூள் இவ்வகைக் கல்லை அரைத்துப் பெறுவதுதான். அந்தக் கல்லினூடாக மெல்லக் கசிந்து குழாய்க்கிணற்றை வந்தடையும் நீர், வழியிலேயே கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. இவை மிகுந்த தண்ணீரே வன்னீர்.

தலவாக்கலையில் வளர்ந்து மாத்தளையில் குடியேறிய எனக்கு இந்த வேறுபாட்டை முதலில் காட்டியது பிளேன்டீதான். வன்னீரில் ஊற்றிய தேநீரைச் சிறிது நேரம் ஆறவிட்டால், அதன் மேல் மெல்லிய ஏடு ஒன்று படர்ந்து, கோப்பையைச் சரிக்கும்போது துண்டு துண்டாக உடைந்து, கோப்பையின் உட்புறத்தில் பழுப்பு வளையமாக ஒட்டிக்கொள்ளும். தேயிலைச் சாயமும் தண்ணீரில் உள்ள கல்சியமும் காற்றுப்பட்டுச் சேர்வதால் உண்டாவது அது. ஊற்றிய உடனேயே தேசிக்காய்ப் புளியைச் சில துளி விட்டால் அந்த ஏடு படர்வதில்லை. வன்னீர் வீட்டில் விட்டுச்செல்லும் வெள்ளைச் சுண்ணாம்புக் கறைகளை அகற்றும் வழியும் இதே புளிப்பில்தான் இருக்கிறது.

கறையில் கை வைப்பதற்கு முன் அது எந்தக் கறை என்று அறிந்துகொள்ள வேண்டும். வெண்மையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும் படிவின் மேல் ஒரு துளி வினாகிரியை விட்டுக் கூர்ந்து பாருங்கள்: சிறு குமிழிகள் எழுந்தால் அது சுண்ணாம்புப் படிவு. குமிழி எழாமல் வழுவழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் சவர்க்காரக் கசடு. அதற்குச் சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். குழாயின் கீழே செம்மஞ்சளாக இறங்கும் கோடு இரும்பினால் வருவது. பித்தளைக் குழாய்க்கடியில் பச்சையும் நீலமும் கலந்த கறை தெரிந்தால், தண்ணீர் மென்மையாகவும் சற்றுப் புளிப்பாகவும் இருந்து செம்பை அரிக்கிறது என்று பொருள். பழைய இரும்புக் குழாய்களும் மென்னீரும் உள்ள தோட்டப் பகுதி வீடுகளில் இந்தப் பின்னிரண்டு கறைகளைத்தான் பலர் சுண்ணாம்புக் கறை என்று எண்ணித் தேய்த்துத் தேய்த்துக் களைத்துப்போகிறார்கள். இரும்புக் கறைக்கு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் இடக்கூடாது; அது கறையை இன்னும் ஆழமாகப் பதியச் செய்யும். தேசிக்காய்ப் புளியையும் உப்பையும் தடவி ஊறவிட்டால் துரு இளகும்.

சுண்ணாம்புப் படிவை அகற்றுவது கையின் பலமல்ல, புளிப்பு அதில் தங்கியிருக்கும் நேரம். குழாயின் மேற்பகுதியில் வினாகிரியைத் தெளித்தவுடனே துடைப்பதால் பயன் இல்லை, ஏனெனில் அது படிவைத் தொடுவதற்குள் வழிந்து போய்விடும். பழைய துணியொன்றை வினாகிரியில் நனைத்து, குழாயின் கழுத்தில் இறுகச் சுற்றி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்; கெட்டியாக நின்ற வெள்ளை விளிம்பு ஈரச் சுண்ணாம்பைப் போல விரலோடு வந்துவிடும். ஷவரை ஒரு சொப்பிங் பையில் ஊற்றிய வினாகிரிக்குள் அமிழ்ந்திருக்கும்படி கட்டி வைத்து, பிறகு பழைய பல்துலக்கும் பிரஷால் துளைகளைத் தேய்த்துச் சிறிது நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டால், ஒவ்வொரு துளையிலிருந்தும் மணல் போன்ற துகள்கள் உதிர்வதைக் காணலாம். நிக்கல், குரோமியப் பூச்சுள்ளவற்றை இரவு முழுவதும் ஊறவிட வேண்டாம்.

கேத்தலுக்கு வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் ஊற்றிச் சூடாக்கி, அணைத்து, ஒரு மணி நேரம் வைத்திருந்து கழுவினால் போதும். வினாகிரி மணம் பிடிக்காதவர்கள் ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி சித்திரிக் அமிலப் பொடியைக் கரைத்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கொதிக்கவிடாமல் இளஞ்சூட்டோடு நிறுத்துவது நல்லது, ஏனெனில் கல்சியமும் சித்திரிக் அமிலமும் சேர்ந்த பொருள் கொதிநீரில் கரையாமல் வேறொரு வெள்ளைப் படிவாக இறங்கும். அலுமினியக் கேத்தலுக்கு இவ்விரண்டுமே வேண்டாம். அப்பச்சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்து பொங்கவிடும் முறை பலராலும் பரிந்துரைக்கப்படுகிறது. அவை ஒன்றையொன்று செயலிழக்கச் செய்வதால், அந்தப் பொங்குதலுக்காக நல்ல வினாகிரியைச் செலவிட வேண்டியதில்லை.

நம் வீடுகளில் இன்னும் பரவலாக உள்ள சிவப்புச் சீமெந்துத் தரையில் எந்தப் புளிப்பும் சிந்தலாகாது. சீமெந்தும் பளிங்கும் டைல்களுக்கிடையே இடும் பூச்சும் அந்தப் படிவைப் போலவே சுண்ணாம்பைக் கொண்டவை. கறையை அரிக்கும் புளிப்பு அவற்றையும் அரிக்கும். ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் அசிட்டை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்து வைக்கும் நம் குளியலறைகளில் அதன் புகை வெளியேற வழியே கிடையாது. பிளீச்சிங் பவுடர் பட்ட இடத்தில் வினாகிரியோ அசிட்டோ பட்டால் நச்சுக் குளோரின் வாயு எழும்; இதில் சிறிதும் கவனக்குறைவு கூடாது.

படிவு வராமல் தடுக்க எளிய வழி, தண்ணீரை உலரவிடாமல் துடைத்தெடுப்பது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில்தான் சுண்ணாம்பு தங்குகிறது, ஆகவே குளித்து முடித்தவர் வெளியேறும் முன் கண்ணாடியிலும் குழாயிலும் ஒரு துவாயை ஓடவிட வேண்டும். சொட்டும் குழாயின் வாஷரை உடனே மாற்ற வேண்டும். கேத்தலில் மீதித் தண்ணீரை இரவில் வைக்கக்கூடாது. சுடுநீர்க் கருவியின் சூட்டை 60 பாகைக்கு மேல் ஏற்றாமல் வைத்தால் உள்ளே படிவதும் குறையும். மழைநீரில் வன்மை ஏறக்குறைய இல்லை என்பதால், மழைக்காலத்தில் கண்ணாடிகளையும் டைல்களையும் இறுதியாக அலசுவதற்கு நான் பீப்பாயில் பிடித்த மழைநீரையே பயன்படுத்துகிறேன்.

நீரை மென்மையாக்கும் கருவி வாங்க எண்ணுபவர்கள் முதலில் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கல்சியம் காபனேற்றாகக் கணக்கிடும் வன்மை லீற்றருக்கு 60 மில்லிகிராமுக்குக் குறைந்தால் மென்னீர், 180க்கு மேற்பட்டால் கடும் வன்னீர் எனப் பொதுவாகக் கொள்வர். இலங்கைக் குடிநீர்த் தரநிலையான எஸ்.எல்.எஸ். 614 இன் உச்ச வரம்பு 250. அக்கருவி கல்சியத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாகச் சோடியத்தை நீரில் விடுவதால், உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் கூறியவர் இருக்கும் வீட்டில், குசினிக் குழாய் ஒன்றை அதனோடு இணைக்காமல் விடுமாறு வேலை தொடங்கும் முன்பே பைப் பாஸிடம் சொல்லிவிட வேண்டும்.