அடுத்தடுத்த இரண்டு வரிகள்

உறையைப் பிரித்ததும் பழைய தாளின் வாடை.

ருமேனியப் படைவீரர் ஒருவரின் 'லிவ்ரெட் மிலிட்டார்', அதாவது படைச்சேவைக் கையேடு. தொழில் என்ற இடத்தில் 'உழவு'. பதக்கம் சேர்ப்பவர்கள் இதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு லாபம்.

சேவைப் பக்கத்தில் மங்கிய ஊதா முத்திரை.

1941, ஒடேசா. ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்துக்கு எதிராக.

அடுத்த வரி: 1944 செப்டம்பர், டிரான்சில்வேனியா. சோவியத்தோடு சேர்ந்து ஜெர்மனிக்கு எதிராக.

நடுவில் 1944 ஆகஸ்ட் 23 இருக்கிறது. மன்னர் மிஹாய், ஜெர்மனியோடு கைகோத்திருந்த சர்வாதிகாரி அன்டோனெஸ்குவைக் கைது செய்வித்தார், நாடு அணி மாறியது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எழுத்தர் ஒரு வரி இடைவெளிகூட விடவில்லை.

பகைவர் மாறிவிட்டார் என்று அந்த உழவரிடம் யார் போய்ச் சொன்னார்களோ? எந்த வயலோரத்தில், எந்த வார்த்தைகளில்?