பாலும் சர்க்கரையும்: ஒரு கோடைத் துணியின் பெயர்

சீர்சக்கர் துணியை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு, யாரோ இஸ்திரி போட மறந்துவிட்டார்கள் என்றே தோன்றும். ஒரு பட்டை வழுவழுப்பாகப் படிந்திருக்கும். அதையடுத்த பட்டை சிறுசிறு சுருக்கங்களோடு புடைத்திருக்கும். அந்தப் பெயர் ஆங்கிலேயர் வைத்தது என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் அது பாரசீக மொழியின் 'ஷீர் ஓ ஷக்கர்' என்னும் தொடர். 'பாலும் சர்க்கரையும்' என்பது அதன் பொருள். பாலைப் போல வழுக்கும் பட்டையையும், சர்க்கரையைப் போலச் சொரசொரக்கும் பட்டையையும் விரலால் தடவிப் பார்த்த எவரோ இட்ட பெயராகவே இது எனக்குத் தோன்றுகிறது. துணிகளுக்கு ஊரின் பெயரும் நிறத்தின் பெயரும் அமைவது வழக்கம். தொடு உணர்வையே பெயராகக் கொண்ட துணி அரிது.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, இந்த இரண்டு சொற்களும் நமக்கு அயலானவை அல்ல என்பதுதான். பாரசீக 'ஷீர்', வடமொழியின் 'க்ஷீரம்' என்பதோடு ஒரே வேரிலிருந்து பிறந்தது. திருப்பாற்கடலைக் குறிக்கும் 'க்ஷீரசாகரம்' வழியாக நாம் அறிந்த சொல் அது. 'ஷக்கர்' என்பதும் நம் 'சர்க்கரை'யும் வடமொழியின் 'சர்க்கரா'விலிருந்து வந்தவை. அச்சொல்லுக்குச் சரளைக் கல், பருமணல் என்ற பொருள்களும் உண்டு. மணிமணியாக இருந்ததனாலேயே இனிப்புக்கும் அப்பெயர் பொருந்தியது. ஆகவே துணியின் பெயரிலுள்ள சர்க்கரை இனிப்பைச் சுட்டவில்லை, சொரசொரப்பையே சுட்டுகிறது.

பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி மொழிக்கு வந்த இந்தத் தொடரை, இந்தியத் துணிகளை ஏற்றிச் சென்ற வணிகர்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்துக்குக் கொண்டு சேர்த்தனர். அங்கே அதன் ஒலி, உறிஞ்சுவதைக் குறிக்கும் 'சக்' (suck) என்னும் ஆங்கிலச் சொல்லின் சாயலுக்கு மாறியதால், பாலும் சர்க்கரையும் எவர் காதிலும் விழாமல் போயின. அமெரிக்காவில், 1909இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தொழிலைத் தொடங்கிய ஜோசப் ஹாஸ்பெல் இத்துணியில் கோடைக்கால கோட்டும் கால்சட்டையும் தைத்துப் புகழ்பெற்றார். அமெரிக்க செனட்டில் 1996 முதல் உறுப்பினர்கள் ஆண்டுக்கொரு நாள் இதை அணிந்து வரும் வழக்கமும் உருவானது.

பெயர் சொல்லும் அந்த வேறுபாடு தறியிலேயே உண்டாகிறது. நீளவாட்டில் ஓடும் பாவு நூலை இரண்டு உருளைகளில் தனித்தனியே சுற்றி, ஒன்றை இறுக்கமாகவும் மற்றதைத் தளர்வாகவும் விட்டு நெய்கிறார்கள். தளர்ந்த இழைகள் கூடுதல் நீளத்தோடு உள்ளே வந்து, குறுக்கே ஓடும் ஊடை நூல் நெருக்கும்போது இடம் போதாமல் சுருங்கிப் புடைக்கின்றன. அந்த மேடுகள் மட்டுமே உடலில் படுவதால், துணிக்கும் தோலுக்கும் இடையே காற்று உலவுகிறது. வியர்வையில் துணி ஒட்டிக்கொள்வதில்லை. இந்தச் சுருக்கம் நெசவில் பிறந்தது என்பதால் எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை.

காஸ்டிக் சோடாவைப் பட்டை பட்டையாகப் பூசிச் சுருக்கிய 'பிளிசே' என்னும் துணியும் இதே தோற்றத்தில் கிடைக்கிறது. அதன் சுருக்கம் துவைக்கத் துவைக்கத் தளரக்கூடும். தறியில் பிறந்த சீர்சக்கரிலோ சுருக்கப் பட்டைகள் பாவு நூலின் போக்கில், துணியின் நீளவாட்டில் மட்டுமே ஓடும்.