ஒரு நூல் குறைந்த ஆர்பர்: 1860 ஆர்மி சரியான கதை

போன சனிக்கிழமை 36 குண்டு சுட்டேன். ஒரு தடவைகூடக் குண்டுகள் இருக்கும் சிலிண்டர் இறுகவில்லை. பேரலைப் பிடிக்கும் ஆப்பைக் கழற்றவில்லை, ஈரத்துணியை எடுக்கவே இல்லை. மார்ச் மாதம் இதே துப்பாக்கி 11ஆம் குண்டுக்கே மக்கர் பண்ணி, பாதி வழியில் நின்றுவிட்டது. அன்றைக்கு ரேஞ்சிலிருந்து வீட்டுக்கு வந்த மனநிலையை நினைத்தால், இந்தச் சனிக்கிழமை எனக்குத் திருவிழா.

துப்பாக்கி 1860 கோல்ட் ஆர்மி என்ற பழைய கருமருந்து ரிவால்வரின் இத்தாலிய நகல், .44 காலிபர். நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் இத்தாலியின் பிரெஷா பக்கத்திலிருந்து வருபவைதானே, இதுவும் அப்படித்தான். பார்க்க அவ்வளவு அழகு. சிலிண்டரைச் சுற்றிக் கப்பல் சண்டை செதுக்கியிருக்கும்: 1843 மே 16, காம்பேச்சி கடலில் டெக்சாஸ் கடற்படையும் மெக்சிகோ கப்பல்களும் மோதியது. டெக்சாஸ் கடற்படை கோல்ட்டின் பேட்டர்சன் ரிவால்வர்களை வாங்கியிருந்தது; அந்த நன்றியில் வந்த படம். ஹூஸ்டனில் உட்கார்ந்து அந்தச் சிலிண்டரை எண்ணெய் போட்டுத் துடைப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

அழகு சரி, உள்ளே குறை. சிலிண்டருக்கு மேலே ஃப்ரேமின் பட்டை (மேல்பட்டை) இல்லாத கோல்ட்டில் பேரலைப் பிடித்து நிறுத்துவது, சிலிண்டர் சுழலும் நடு அச்சான ஆர்பரும் அதன் குறுக்கே போகும் ஆப்பும்தான். ஆர்பரின் முனை பேரல் துளையின் அடியில் போய் முட்ட வேண்டும். முட்டினால் ஆப்பை எவ்வளவு அடித்தாலும் பேரல் ஒரே இடத்தில் நிற்கும். என்னுடையதில் முட்டவில்லை. ஆப்பை ஒரு தட்டு கூடத் தட்டினால் பேரல் பின்னால் வந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். லேசாக விட்டால் பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இடைவெளி அகன்று, ஒவ்வொரு வெடிக்கும் ஆப்பு அடிவாங்கும். மூன்று மாதம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஆப்பைத் தட்டித் தட்டியே பொழுது போனது. கருமருந்தின் கசடு வேறு. இடைவெளி தலைமுடி அளவு இருந்தால் ஏழெட்டு வெடியில் அடைத்துவிடுகிறது.

ஆர்பர் முட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை இது: சிலிண்டரை எடுத்துவிட்டு, பேரலைப் பக்கவாட்டில் திருப்பி ஆர்பரில் முட்டும்வரை செருகி, பேரலின் அடிப்பாகத்தை ஃப்ரேம் பக்கம் கொண்டுவந்து பார்ப்பது. என்னுடையது ஃப்ரேமைத் தாண்டிப் போய் நின்றது. வெர்னியர் வைத்தேன், 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஊரில் ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல். ஒரு நூல் என்பது இந்த வேலையில் மலை!

அந்தக் குறையை நிரப்ப, துளைக்குள் வழுக்கிப் போகும் கனத்தில் எஃகுக் கம்பி வாங்கி, ரம்பத்தால் வில்லை வில்லையாக அறுத்தேன். முதல் வில்லை உள்ளே போய் ஆடியது. டார்ச் அடித்துப் பார்த்தால் துளையின் அடி தட்டையாக இல்லை, டிரில் பிட்டின் கூம்பு அப்படியே இருக்கிறது. அடியில் பழைய கிரீஸும் இரும்புத் தூளும் கலந்து களிபோல ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, வில்லையின் ஒரு ஓரத்தை அந்தக் கூம்புக்கு ஏற்றபடி சரித்து அராவினால்தான் உட்காருகிறது. இதைக் கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிறு போனது.

இரண்டாவது வில்லையைக் கூடுதலாகத் தேய்த்துக் கெடுத்தேன். மூன்றாவதில் அவசரப்படவில்லை. மரக்குச்சியின் நுனியில் சூப்பர் குளூ வைத்து வில்லையை ஒட்டினேன். கண்ணாடிமேல் எமரித் தாளை விரித்து, 8 போடுவதுபோலப் பத்துத் தேய்ப்பு. குச்சியிலிருந்து பெயர்த்து, முகத்தில் நீல மார்க்கர் பூசி, துளைக்குள் போட்டுப் பேரலை மாட்டி, கழற்றிப் பார்ப்பது. மை ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் வில்லை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி ஒட்டு, மறுபடி தேய். இப்படி 20 தடவைக்கு மேல். கடைசியில் மை வட்டமாக, சீராக அழிந்தது. அதே நேரம் அடிப்பாகமும் ஃப்ரேமில் ஒட்டி உட்கார்ந்தது, விளக்கைப் பின்னால் பிடித்தும் வெளிச்சம் தெரியவில்லை. சிலிண்டரைப் போட்டு இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டேன்: 0.1 மில்லிமீட்டர். மரச்சுத்தியால் ஆப்பை இன்னும் இரண்டு அடி அடித்தேன். அப்போதும் 0.1! பேரலைச் சுண்டினால் முன்பு டொக்கென்று கேட்கும், இப்போது மணிபோல ஒலிக்கிறது. வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சுண்டிக் காட்டினேன்.

1966இல் வந்த ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தில், ஈலை வாலக் துப்பாக்கிக் கடைக்குள் புகுந்து, நாலைந்து ரிவால்வரைப் பிரித்து, சிலிண்டரைக் காதருகே சுழற்றிக் கேட்டு, தனக்கென்று ஒன்றைச் சேர்ப்பாரே, நம்மில் பலருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அந்தக் காட்சியில்தான். எனக்கும் அப்படித்தான். ஆனால் ஒன்றின் பேரலை இன்னொன்றின் ஆர்பரில் மாட்டி இடைவெளி சரியாக வருவது எவ்வளவு கஷ்டம் என்பது இந்த வில்லையைத் தேய்த்த பிறகுதான் உறைத்தது.

சனிக்கிழமைக்கான சரக்கு: மூன்று எஃப் என்ற நைசான ரகக் கருமருந்து 28 கிரெய்ன், மெழுகூட்டிய ஃபெல்ட் வில்லை, .454 ஈயக் குண்டு. ஈயம் சுத்தமாக, மெத்தென்று இருக்க வேண்டும். அழுத்தும்போது ஈய வளையம் முழுதாகச் சீவி வந்தால் சிலிண்டரின் அறை நன்றாக அடைபட்டது என்று நிம்மதி. மெழுகு நானே காய்ச்சுகிறேன்: பாரஃபின் ஒரு பங்கு, ஆட்டுக் கொழுப்பு ஒரு பங்கு, தேன்மெழுகு அரைப் பங்கு. கொழுப்புக்கு இறைச்சிக் கடைக்காரரிடம் சொல்லிவைத்தால் போதும், சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கட்டிக் கொழுப்பாகப் பார்த்து எடுத்துவைக்கிறார். அதுதான் உருக்கினால் வெள்ளையாக, கெட்டியாக உறைகிறது. மருந்துதான் கவலை. லூசியானாவின் மிண்டனில் இருந்த கோயெக்ஸ் கருமருந்து ஆலையை 2021இல் மூடப்போவதாக அறிவித்தபோது எல்லாரும் பதறினோம். மறு வருடம் எஸ்டெஸ் நிறுவனம் வாங்கியதால் மூச்சு வந்தது. இருந்தாலும் கண்ணில் படும்போது இரண்டு டப்பா சேர்த்தே வாங்குகிறேன்.

25 கஜத்தில் ஆறு குண்டும் உள்ளங்கை அகலத்துக்குள். குறிக்கு ஒரு சாண் மேலே விழுகிறது, அது கோல்ட்டின் பிறவிக் குணம். முன்குறியை உயரமாக மாற்றலாம், மனம் வரவில்லை.

இன்னும் பாக்கி கேப் துணுக்கு; கேப் என்பது மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செம்புத் தொப்பி. 29ஆம் வெடிக்கு ஒரு செம்புத் துண்டு சுத்தியல் இடுக்கில் விழுந்தது. முனையை வானம் பார்க்கத் தூக்கிச் சுத்தியலை இழுத்தபோது தானாகவே உதிர்ந்துவிட்டது, அதனால் பிழைத்தேன். சுத்தியல் முகத்தில் இருக்கும் பள்ளத்தை எபாக்சியால் நிரப்பலாம், இல்லாவிட்டால் இடுக்கில் சின்ன ஊசி ஒன்றை நிறுத்தலாம். ஊசி வேலைக்கு ஃப்ரேமில் துளை போட வேண்டும். கை நடுங்கும் வேலை. எபாக்சியில் ஆரம்பிக்கிறேன்.

இதற்குள் மனம் ரெமிங்டன் ரிவால்வர் பக்கம் ஓடுகிறது. 1858 என்று பெயர், அது காப்புரிமை வருடம்; நியூ மாடல் ஆர்மி நிஜத்தில் 1863இல்தான் வந்தது. மேல்பட்டை உண்டு, ஆப்புத் தலைவலி கிடையாது. ஆனால் சிலிண்டர் ஊசி மெலிசு, கசடு நேராக அதில் போய் இறங்கும். கோல்ட்டின் பெரிய வாக்கர் ரிவால்வர் என்றால் ஆசைதான், இரண்டு கிலோ இரும்பு! முதலில் அடிவாங்கி உப்பிய இந்தப் பழைய ஆப்பை மாற்ற வேண்டும். புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன், புதன்கிழமை வருகிறது.