பதிலுக்கு விட்ட நான்கு கோடு

“மிஸ், ஊ ஃபின் அவோய் லெத் லா?”

அந்தக் கடிதத்தை அனுப்பிவிட்டீர்களா என்று கிரியோலில் கேட்டாள் என் மாணவி. காவடி முடிந்த மறுவாரம், வெள்ளிக்கிழமை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. “அது பயிற்சிக்குத்தானேம்மா,” என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போனாள். நடந்தது இவ்வளவுதான். அவள் கொலேஜ், அதாவது இடைநிலைப் பள்ளி, போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்குத்தான் அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை.

இங்கே மொரீஷியஸில் ஆறாம் கிரேடுக்குக் கடிதம் எழுதப் பழக்குவது எனக்குப் புதிதில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு என்று பலகையில் போட்டுவிட்டால் பிள்ளைகள் பார்த்து எழுதிவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். அந்த வருஷம் எனக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. பாடத்தை 1871இல் இருந்து ஆரம்பித்தேன். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்த நம் ஆட்கள், பழைய குடியேறிகள் என்று பெயர் பெற்றவர்கள், 1867 சட்டத்துக்குப் பிறகு தங்கள் படம் ஒட்டிய டிக்கெட்டையும் போலீஸ் பாஸையும் எந்நேரமும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. வேறு மாவட்டத்துக்குப் போன இடத்தில் காகிதம் இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துப் போவார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் கூலி போகும். இதையெல்லாம் எழுதி, 9,401 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து, ஆளுநர் கோர்டனுக்கு ஒரு மனு போனது. எழுதிக்கொடுத்தவர் அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர். துணை நின்றவர்களில் ராஜரத்தினம் முதலியார் என்ற நம் ஆளும் உண்டு. அடுத்த வருஷம் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது. 1875இல் அறிக்கை வந்தது, 1878இல் சட்டம் மாறியது.

அதோடு விட்டேனா? கைப்பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்துக் காட்டினேன். 1998இல் அச்சடித்த புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், நம்மவர்கள் விடவில்லை, அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று என்று சொன்னேன். பிள்ளைகள் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். கேட்டால் கிடைக்கும், எழுதிக் கேட்டால் மறுக்க முடியாது என்று அந்த வாயால்தான் சொன்னேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பிறகு இரண்டு கடிதம் எழுதச் சொன்னேன். ஒன்று தனக்குத்தானே, இன்னொன்று ஏதாவது ஒரு குறையைத் தீர்க்கக்கூடியவருக்கு.

எங்கள் தமிழ்ப் பாடவேளை எங்கே நடக்கும் என்று நம் ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் மொழி மொழியாகப் பிரிவார்கள். இந்திக்கு எண்ணிக்கை அதிகம், அறை அவர்களுக்கு. நாங்கள் பதினோரு பேர், வராண்டாவில். அவள் அதைத்தான் எழுதியிருந்தாள். தலைமை ஆசிரியருக்கு.

‘மதிப்புக்குரிய ஐயா, எங்கள் தமிழ் வகுப்பு வராண்டாவில் நடக்கிறது. மளை வந்தால் என் நோட்டு நனைகிறது. மிஸ் சத்தமாகப் பேசுகிறார்கள், அவர்களுக்குத் தொண்டை வலிக்கிறது. எங்களுக்கு ஒரு அறை வேண்டும். எப்போது கொடுப்பீர்கள்?’

கையெழுத்துக்குக் கீழே ‘பதில்’ என்று எழுதி, அளவுகோல் வைத்து நான்கு கோடு போட்டிருந்தாள். தலைமை ஆசிரியர் எழுத இடம்.

நான் சிவப்புப் பேனாவால் ‘மளை’யைச் சுழித்து ‘மழை’ என்று எழுதினேன். நான்கு கோட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்து, ‘கடிதத்தில் இது வராது’ என்று குறித்தேன். இருபதுக்குப் பதினேழு போட்டேன். என் தொண்டை வலிக்கும் விஷயம் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்று திருத்தும்போது நான் யோசிக்கக்கூட இல்லை. இரவு படுத்த பிறகுதான் தோன்றியது.

ஏன் அனுப்பவில்லை என்று என்னை நானே கேட்டால் பதில் தயாராகவே இருக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளை. கடிதம் தமிழில், தலைமை ஆசிரியருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அவர் என்னைத்தான் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். பிள்ளையை வைத்து டீச்சர் எழுத வைத்திருக்கிறார் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு வரும். டி பிளெவிட்ஸையே கலகக்காரர், ஊரை விட்டு அனுப்புங்கள் என்று தோட்ட முதலாளிகள் எழுதிக்கொடுக்கவில்லையா? போர்ட் லூயி தெருவில் அவரை அடிக்கவில்லையா? பழி அந்தப் பிள்ளை மேல் விழக்கூடாது என்றுதான் நினைத்தேன். இது உண்மை. ஆனால் ஸ்டாஃப் ரூம் பேச்சைத்தான் நான் முதலில் நினைத்தேன், பிள்ளையை இரண்டாவதாக நினைத்தேன். அதுவும் உண்மை.

அவள் கேட்டுவிட்டுப் போன அன்று இரவு நானே எழுத உட்கார்ந்தேன், பிரெஞ்சில். முதல் தாளில், பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள், இது சரியில்லை என்று இருந்தது. இரண்டாவதில், மழைக்காலத்தில் சிரமமாக இருக்கிறது என்று வந்தது. மூன்றாவதில் பிள்ளைகளே இல்லை, ‘இடவசதி குறித்து’ என்றிருந்தது. நான்காவதில் முதல் பத்தி முழுக்க அவர் பள்ளிக்குச் செய்துவரும் சேவைக்கு நன்றி. நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது வருஷ வேலை என்னை என்னவாக ஆக்கியிருக்கிறது என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, அந்த நான்கு தாளில் இருந்தது. தனக்குத்தானே கடிதம் எழுதுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னேனே, நான் எழுதியது அதுதான் போலிருக்கிறது. நான்கையும் கிழித்தேன். முதல் தாளையாவது வைத்திருக்கலாம்.

அப்புறம் ஒன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. மூன்றாம் டெர்மில் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது, “மெஸ்யே, செவ்வாயும் வியாழனும் லைப்ரரி சும்மாதானே இருக்கிறது?” என்று தலைமை ஆசிரியரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டேன். “எடுத்துக்கொள்ளுங்களேன் மிஸ்,” என்றார். ஒரு நிமிட வேலை. அவர் கெட்ட மனிதர் இல்லை, யாரும் கேட்கவில்லை, அவர் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கூரையுள்ள இடத்தில் உட்கார்ந்தோம். உலக வரைபடத்துக்குக் கீழே, நல்ல வெளிச்சத்தில்.

அப்படியென்றால் நான் செய்தது சரிதானே? கடிதம் போயிருந்தால் அவர் முறைத்துக்கொண்டிருப்பார், ஃபைல் திறந்திருக்கும், லைப்ரரியும் கிடைத்திருக்காது. பக்குவமாகப் பேசி வாங்கினேன். என் கணவரும் இதைத்தான் சொல்கிறார். பல நாள் இதைச் சொல்லித்தான் தூங்கியிருக்கிறேன்.

ஆனால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் என்றால் பத்தொன்பது வருஷம் நான் ஏன் கேட்கவில்லை? அவள் எழுதியதால்தான் கேட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை. லைப்ரரிக்குப் போன முதல் நாள் பிள்ளைகள் கை தட்டினார்கள், “மெர்சி மிஸ்” என்றார்கள். அவளும்தான் சொன்னாள். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து, ‘இது உன் கடிதத்தால் வந்தது’ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நன்றியை நான் வாங்கிக்கொண்டேன். அனுப்பாததைவிட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, சில நாள். வேறு சில நாள் அப்படி இல்லை, பதினோரு வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் நினைவிருக்காது என்று தோன்றும். பிள்ளைகளுக்கு நினைவிருக்காது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வது எவ்வளவு தவறு என்பது, என் சின்ன வயதை நினைத்தாலே தெரிகிறது.

1871 மனுவைப் பற்றி முன்பு எனக்குத் தோன்றாத ஒன்று இப்போது தோன்றுகிறது. கைநாட்டு வைத்த ஆட்களில் எத்தனையோ பேருக்கு மனுவில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரியாது. தங்கள் பேச்சு அந்தக் காகிதத்தில் அப்படியே இருக்கிறதா என்று அவர்கள் யாரிடம் கேட்டிருப்பார்கள்? நடுவில் நின்று எழுதுகிறவர்கள் எதை விட்டார்கள், எதை மெதுவாக்கினார்கள் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? நானும் அப்படி நடுவில் நிற்கிறவள்தான். என் கையில் ஒரு சிவப்புப் பேனா வேறு.

போன மாதம் ரோஸ் ஹில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். உயரமாகிவிட்டாள். “வணக்கம் மிஸ்,” என்றாள், ‘ண’ சுத்தமாக வந்தது. என்ன எடுத்துப் படிக்கிறாய் என்று கேட்டேன். தமிழ் எடுக்கவில்லை, அறிவியலுக்கு மாறிவிட்டாளாம். சொல்லவேண்டியது தொண்டை வரை வந்தது. அவள் பஸ் வந்துவிட்டது. வரவில்லையென்றாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

அந்தத் தாள் என் அலமாரியில் இருக்கிறது. நோட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கிழித்து வைத்துக்கொண்டேன். அவளைக் கேட்காமல்.

இந்த வருஷமும் அதே பாடம் வந்தது. லைப்ரரியில்தான். 1871ஐச் சொல்லவில்லை. ரூபாய்த் தாளையும் எடுக்கவில்லை. “இது பரீட்சைப் பயிற்சி, கடிதத்தை யாருக்கும் அனுப்பப் போவதில்லை,” என்று முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் கேட்கக்கூடாது என்பதற்காக. பலகையைப் பார்த்து எழுதினார்கள். ஒருவன் விடுமுறை விண்ணப்பம், ஒருத்தி பிறந்தநாள் அழைப்பு. எழுத்துப் பிழை குறைவு, எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது. ஒன்பது நோட்டையும் கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன். பதிலுக்கு யாரும் இடம் விட்டிருக்கவில்லை.